கணக்கிலே ஒரு புரட்டு

உலகப் படத்தை ஒருமுறை விரித்து வைத்துப் பாருங்கள். ஐரோப்பாக் கண்டம் ஒட்டுத் துணி போலத் தெரியும். பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று என்று உள்ளங்கை அகலத்துக்குள் எத்தனை நிறங்கள்! கண்ணைக் கிழக்கே திருப்பினால் இந்தியா ஒரே நிறம். அதற்கு அப்பால் சீனம் ஒரே நிறம். பூசியது அச்சகத்து மை. ஆனால் பள்ளிப் பருவம் முதல் அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய கண், மையின் நிறத்தையே மக்களின் நிறமாகக் கொண்டுவிடுகிறது.

இந்தக் கண்மயக்கத்தை முதலாக வைத்து வாணிபம் நடத்துவோர் நம் நாட்டிலே உள்ளனர். "ஐரோப்பா ஒரு கண்டம், அங்கே பல மொழிகளும் பல பண்பாடுகளும் இருப்பது இயற்கை. நம்முடையதோ ஒரு நாடு. இங்கே இருப்பவை வெறும் வட்டார வேறுபாடுகள். நாடு நிலைக்க வேண்டுமானால் இவை கரைய வேண்டும், ஒரு மொழி முன்னே நிற்க, மற்றவை பின்னே ஒதுங்க வேண்டும்" என்பது அவர்கள் வாதம். மேடையிலே இதைச் சொல்லும்போது குரல் தழதழக்கும். பிரான்சைப் பார் என்பர். சீனத்தைப் பார் என்பர். கேட்பவரும், சரிதானே என்று தலையசைத்து வீடு திரும்புவர்.

சரிதானா? பார்த்துவிடுவோம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலே இன்று 27 நாடுகள். பரப்பு ஏறத்தாழ 42 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 45 கோடி. ஆட்சி மொழிகள் 24. இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 லட்சம் சதுர கிலோமீட்டர்; மக்களோ 140 கோடிக்கும் மேல். தலைகளை எண்ணினால், கண்டம் என்று அழைக்கப்படத் தகுதியுடையது எது? 45 கோடி மக்களின் வேறுபாடு 'பண்பாடுகள்' என்ற பன்மையைப் பெறுகிறது. 140 கோடி மக்களின் வேறுபாடு 'பிரதேச மணம்' என்ற செல்லப் பெயரோடு நின்றுவிடுகிறது. முழக்கோல் ஒன்றுதான், ஆனால் மேற்கே அளக்கும்போது நீள்கிறது, இங்கே அளக்கும்போது சுருங்குகிறது!

வட ஐரோப்பாவிலே சுவீடன், நார்வே, டென்மார்க் என்று மூன்று நாடுகள். ஒரு நார்வேக்காரர் சுவீடியரிடம் தம் மொழியிலேயே பேசுவார்; அவரும் தம் மொழியிலேயே மறுமொழி கூறுவார்; மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. டேனியர் பேச்சு காதுக்குச் சற்றுக் கடினம். எழுத்திலே கண்டால் விளங்கிவிடும். நார்வே பல நூற்றாண்டுகள் டேனிய மன்னர் ஆட்சியின்கீழ் இருந்தது. 1814இல் அவர்களிடமிருந்து பிரிந்து சுவீடனோடு இணைக்கப்பட்டது. 1905இல் தனி நாடாயிற்று. டேனிய எழுத்து வழக்கிலிருந்து வளர்ந்த ஒரு வடிவம், நாட்டுப்புற வழக்குகளைத் தொகுத்து ஈவார் ஓசன் என்ற அறிஞர் அமைத்த மற்றொரு வடிவம் என்று நார்வேஜிய மொழிக்கு இன்று இரண்டு எழுத்து வடிவங்கள். இரண்டுக்கும் சட்டத்திலே இடம் உண்டு. நல்லது, வாழட்டும்! அம்மூன்று நாட்டு மக்களையும் கூட்டினால் இரண்டேகால் கோடியைத் தாண்டாது. அவர்கள் பேசுபவை மூன்று மொழிகள். உலகம் ஒப்புக்கொள்கிறது, நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

கங்கைக் கரைக்கு வாருங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே போஜ்புரி தம் தாய்மொழி என்று எழுதித் தந்தோர் 5 கோடிக்கும் மேற்பட்டோர். அந்த மூன்று நாட்டு மக்களைப்போல் இரண்டு மடங்கு! ஆனால் போஜ்புரி ஒரு மொழியாகக் கணக்கில் இல்லை. இந்தி என்ற தலைப்பின்கீழ், இராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி முதலியவற்றோடு வரிசையிலே நிற்கிறது. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அந்தத் தலைப்பினுள்ளே அடைக்கப்பட்டிருக்கின்றன. அடைத்தபின் கூட்டினால் 52 கோடியே 83 லட்சம். நாட்டு மக்களிலே நூற்றுக்கு ஏறத்தாழ 44. அடைக்காமல், இந்தி என்றே சொன்னவர்களை மட்டும் எண்ணினால் 32 கோடிச் சொச்சம். நூற்றுக்கு 27க்கும் குறைவு. இடையிலே இருக்கும் இருபது கோடிப் பேர், தம் மொழியின் பெயரைத் தாமே சொன்ன பிறகும் வேறொரு பெயரின்கீழ் எழுதப்பட்டவர்கள். பிறகு மேடை ஏறி, 'நாட்டிலே பெரும்பான்மையோர் மொழி' என்று முழங்குவது எளிதன்றோ?

இவை கிளைமொழிகளே என்று அறிஞர் கூறவில்லையா என்பீர்கள். இந்திய மொழிகளை ஆராய்ந்து பல தொகுதிகளாக வெளியிட்டவர் ஜார்ஜ் கிரியர்சன் என்ற ஆங்கில அரசின் அதிகாரி. அந்த வேலை 1928இல் முடிந்தது. போஜ்புரி, மைதிலி, மகஹி மூன்றையும் பிகாரி என்று ஒரு குழுவாக்கிய அவர், அக்குழுவைத் தில்லி வட்டாரத்து இந்தியோடு சேர்க்கவில்லை. வங்கமும் ஒரியாவும் அசாமியமும் நிற்கும் கிழக்குப் பிரிவிலே சேர்த்தார்.

மைதிலியின் கதை இன்னும் சுவையானது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை அது இந்தியின் ஒரு கிளை. 2003இல் அரசியலமைப்பின் 92ஆவது திருத்தம் நிறைவேறி, போடோ, டோக்ரி, சந்தாலி ஆகியவற்றோடு மைதிலியும் எட்டாம் அட்டவணையிலே ஏறியது. அதன் பிறகு அது தனிமொழி. 2011இல் அதைப் பேசுவோர் 1 கோடியே 35 லட்சத்துக்கும் மேல். மிதிலை நாட்டுத் தாய்மார்கள் 1991இல் குழந்தையைத் தாலாட்டிய மொழி வேறு, 2011இல் தாலாட்டிய மொழி வேறா? ஒரு சொல்லும் மாறவில்லை. தில்லியிலே ஒரு தாள் மாறியது, கிளை, மரமாயிற்று!

அதே அட்டவணையிலே சமஸ்கிருதம் தொடக்கம் முதலே இருக்கிறது. அது தாய்மொழி என்று 2011இல் சொன்னோர் 24,821 பேர். கோண்டி மொழியைச் சொன்னோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். கோண்டி அட்டவணையில் இல்லை. இதற்கு நான் உரை எழுத வேண்டியதில்லை.

சீனத்திலும் இதே கதைதான். குவாங்தோங் மாநிலத்துக் காண்டனிய மொழியும் பெய்ஜிங்கை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழியும் காதால் கேட்டால் ஒன்றுக்கொன்று விளங்காதவை. எழுத்து இணைக்கிறது, பேச்சு பிரிக்கிறது. காண்டனியம் பேசுவோர் பல கோடிப் பேர். எனினும் அதற்கு அங்கே இடப்பட்ட பெயர் 'வட்டாரப் பேச்சு'. 2010இல் குவாங்சௌ நகரத் தொலைக்காட்சியிலே காண்டனியத்தைக் குறைத்துப் பொதுமொழியைப் புகுத்தலாம் என்று ஓர் ஆலோசனை எழுந்தபோது, மக்கள் தெருவிலே கூடிக் குரல் கொடுத்தனர். வட்டாரப் பேச்சுக்காகவா அத்தனை பேர் தெருவுக்கு வந்தனர்?

மொழி மட்டுமா பண்பாடு என்று கேட்கலாம். உணவு, உடை பற்றி நான் சொல்லப்போவதில்லை. இரயிலிலே ஒரு பகல் ஓர் இரவு பயணம் செய்த எவரும் அதை அறிவர். ஆழத்திலே கிடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். திருமணம்.

மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நம் நாட்டிலே உரிமை. அக்காள் மகளை மணப்பதும் உண்டு. மணமகள் போய்ச் சேரும் வீடு அவள் சிறுவயது முதல் விளையாடிய மாமன் வீடு. தாயின் உடன்பிறந்தவரும் மாமா. கணவனின் தந்தையும் மாமா. ஒரே சொல் இரண்டு உறவுக்கும் போதுமானதாக இருக்கிறது. வடக்கே இந்தப் பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வர். அங்கே மாமன் மகள் தங்கை முறை. கோத்திரம் விலக்க வேண்டும்; பல இடங்களிலே பிறந்த ஊரையே விலக்க வேண்டும்; முன்பின் அறியாத ஊரிலே, முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு மாமனார் முன் நிற்க வேண்டும். (நெருங்கிய உறவிலே மணம் செய்தால் குழந்தைகளுக்கு நேரக்கூடிய கேடு பற்றி மருத்துவர் கூறுவது வேறு செய்தி; அதைக் கேட்டு நடப்பது நமக்கு நல்லது.) இந்த வேறுபாட்டை ஆராய்ந்து இராவதி கார்வே அம்மையார் 1953இல் ஒரு நூல் வெளியிட்டார், உறவுமுறையை வைத்து இந்தியாவை நான்கு மண்டலங்களாகப் பகுத்தார்.

இரண்டாண்டு கழித்து, 1955இல், இந்துத் திருமணச் சட்டம் வந்தது. 'இந்து' என்ற ஒரே சொல்லால் அனைவரையும் கட்டப் புறப்பட்ட சட்டம் அது. மணம் செய்யத் தகாத உறவுகளின் பட்டியலிலே அண்ணன்தங்கையின் மக்களும், மாமனும் மருமகளும் இடம்பெற்றனர். அந்தப் பட்டியல் அப்படியே நின்றிருந்தால் தெற்கே எத்தனை லட்சம் குடும்பங்கள் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பாகியிருக்கும்! ஆகவே, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. 'ஒரே பண்பாடு' என்ற கப்பலிலே தொடக்க நாளிலேயே அடைக்கப்பட்ட ஓட்டை அது.

ஓஸ்லோவுக்கும் உரோமுக்கும் இடையே திருமண முறையிலே இத்தகைய பிளவு உண்டா? வழிபாட்டிலே வேறுபாடு உண்டு, உணவிலே உண்டு. ஆனால் கிறித்தவத் திருச்சபை பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த உறவுத் தடைகளின் அடித்தளம் கண்டம் முழுதும் ஏறத்தாழ ஒன்றே. மதுரைக்கும் மீரட்டுக்கும் இடையே உள்ள தொலைவு, இந்தப் பொருளிலே, அதைவிடப் பெரிது. மொழிக் குடும்பத்தைக் கணக்கிட்டாலும் அப்படியே. இந்தியும் ஐஸ்லாந்திய மொழியும் ஒரே குடும்பத்துத் தொலைதூரப் பங்காளிகள். தமிழும் இந்தியும் அவ்வாறு அல்ல. 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளிவந்த பிறகும் இதைச் சொல்லிச் சொல்லி நாக்கு வறள வேண்டியிருக்கிறது.

"சரி, வேறுபாடு இருந்துவிட்டுப் போகட்டும். பிரான்சு அதை அழித்து ஒன்றாகவில்லையா? நாமும் ஏன் ஆகக்கூடாது?" இதுதான் அவர்கள் கையிலுள்ள கடைசிச் சீட்டு. ஆகவே பிரான்சின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1794ஆம் ஆண்டு. மன்னன் தலை உருண்டு ஓராண்டு கடந்துவிட்டது. விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கம் பாரிஸ் நகரை நிறைத்திருக்கிறது. புரட்சிப் பேரவையிலே பாதிரியார் கிரெகுவார் ஓர் அறிக்கையை வாசிக்கிறார். நாட்டிலே குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு மொழியே தெரியாது. இன்னும் அத்தனை பேருக்குத் தொடர்ந்து பேச வராது. பிழையின்றிப் பேசுவோர் 30 லட்சத்துக்கு மேல் இல்லை. 83 மாவட்டங்களிலே முழுக்கப் பிரெஞ்சு வழங்குவது 15 மட்டுமே. இது பிரான்சு, தோழரே! பிரெஞ்சுக்காரர்கள் தொன்றுதொட்டுப் பேசிய ஒரே மொழி என்று நமக்குப் பாடம் நடத்தப்படும் அதே பிரான்சு!

அறிக்கையின் நோக்கம் அதன் தலைப்பிலேயே இருந்தது: மற்றப் பேச்சுகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்குவது. கிரெகுவார் கொடியவரல்லர். கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கும் யூதர்களின் உரிமைக்கும் போராடியவர். நல்லவர் கையாலும் இத்தகைய வேலை நடக்கும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த நூற்றாண்டிலே, 1881, 1882ஆம் ஆண்டுகளில், இலவசக் கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்தன. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு திறந்தது, போற்றவேண்டிய செயல். ஆனால் கதவுக்கு உள்ளே நடந்தது என்ன? பிரித்தானி நாட்டிலே, பள்ளியில் பிரெத்தோன் மொழியிலே ஒரு சொல் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்திலே ஒரு பொருள் மாட்டப்படும். சில ஊர்களில் மரச் செருப்பு. அதைக் கழற்ற வழி ஒன்றே: வேறொரு பிள்ளை தாய்மொழி பேசுவதைக் கண்டுபிடித்து, அவன் கழுத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாலையிலே யார் கழுத்தில் செருப்புத் தொங்குகிறதோ, அவனுக்குத் தண்டனை. பிள்ளைக்குப் பிள்ளையே ஒற்றன்! எட்டு வயதுச் சிறுவன், தன் தாய் அழைக்கும் மொழியைத் தோழன் வாயிலே கேட்டதும் மகிழாமல், ஆசிரியரிடம் ஓடவேண்டும். தெற்கே ஓக்சிதான் மொழி பேசும் மக்கள் அந்தக் காலத்தை ஒரே சொல்லால் குறிக்கின்றனர். அச்சொல்லின் பொருள் 'வெட்கம்'.

அந்த ஓக்சிதானின் ஒரு கிளையான புரொவான்சாலிலே எழுதிய பிரெதெரிக் மிஸ்திரால் என்ற கவிஞருக்கு 1904இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உலகம் அந்த மொழிக்கு மாலை போட்டது. உள்ளூர்ப் பள்ளி அதைப் பேசிய பிள்ளையைத் தண்டித்தது.

பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு நூற்றாண்டுக்கு முன் பேசிய பிரெத்தோன் இன்று இரண்டு லட்சம் பேர்கூட இன்றி முதியவர் நாவிலே தேய்கிறது. சிறுபான்மை மொழிகளைக் காக்கும் ஐரோப்பிய சாசனத்திலே பிரான்சு 1999இல் கையெழுத்திட்டது; அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் தடுத்தது. இன்று வரை அது உறுதி செய்யப்படவில்லை. பாடங்களை வட்டார மொழியிலேயே மூழ்கிக் கற்பிக்கும் முறைக்கு 2021இல் நாடாளுமன்றம் இசைவு தந்தது. மன்றம் அதையும் நீக்கியது. இத்தனைக்குப் பிறகும் முழு ஒற்றுமை கிட்டிற்றா? கோர்சிகாத் தீவிலே 1976 முதல் ஆயுதம் ஏந்திய பிரிவினை முன்னணி ஒன்று தோன்றி வெடிகுண்டு வைத்தது. அந்தத் தீவுக்குத் தன்னாட்சி தருவது பற்றிப் பாரிசே பேச வேண்டி வந்தது. இந்தப் பிரான்சைத்தான் நாம் பார்த்துப் படிக்க வேண்டுமாம்!

ஒரே மொழி இருந்தால் நாடு உடையாது என்ற நம்பிக்கையாவது மெய்யா? தென்னமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் ஸ்பானியம் பேசும் நாடுகளைப் பாருங்கள். ஒரே ஸ்பானிய மொழி, ஒரே கத்தோலிக்க மதம். பொலிவார் 1819இல் கட்டிய பெருங் கொலம்பியா பன்னிரண்டு ஆண்டுகூட முழுமையாக நிற்கவில்லை. யூகோஸ்லாவியாவிலே செர்பியரும் குரோவாசியரும் பேசியது ஒரே மொழி. 1991இல் உடையத் தொடங்கிற்று. உடைந்தபின் அந்த ஒரு மொழிக்குச் செர்பியம், குரோவாசியம், போஸ்னியம், மாண்டினீக்ரியம் என்று நான்கு பெயர்கள்! அங்கே கிளையை மரமாக்கினர். இங்கே மரங்களைக் கிளையாக்கினர். சுவிட்சர்லாந்திலோ 90 லட்சம் மக்களுக்கு நான்கு தேசிய மொழிகள். சிறு தொகையினர் பேசும் ரோமான்ஷும் 1938இல் அந்த மதிப்பைப் பெற்றது. அந்நாடு உடையவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1776 முதல் ஏறத்தாழ 250 ஆண்டுகள், நாடு முழுமைக்கும் ஆட்சி மொழி இது என்று அறிவிக்காமலே வாழ்ந்தன. 2025 மார்ச்சிலேதான் ஆங்கிலத்தை அவ்வாறு அறிவிக்கும் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது.

தொலைவு போவானேன்? நம் பக்கத்து வீட்டிலே நடந்ததை மறந்தோமா? 1947இல் பிறந்த பாகிஸ்தானிலே பெரும்பான்மையோர் பேசியது வங்க மொழி. 1951 கணக்கிலே பாதிக்கும் மேல். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆயினும் 1948 மார்ச்சிலே ஜின்னா டாக்கா நகருக்கே சென்று, அரசின் மொழி உருது ஒன்றே என்றார். 1952 பிப்ரவரி 21இல் மாணவர்மீது துப்பாக்கி பேசிற்று. 1956இல் இரு மொழிகளையும் ஏற்றனர், புண் ஆறவில்லை. பொருளாதாரச் சுரண்டலும் அரசியல் வஞ்சனையும் சேர்ந்துகொள்ள, 1971இல் வங்காளதேசம் பிறந்தது. மதம் ஒன்று, கொடி ஒன்று, ஒரு மொழி போதும் என்று கருதியதே பிளவின் முதல் உளி. பிப்ரவரி 21 இன்று உலகத் தாய்மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் மண்ணிலும் 1938இலும் 1965இலும் நடந்தவை உங்களுக்குத் தெரியும். மீண்டும் எழுத வேண்டியதில்லை.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சினம் கொள்ளாதீர்கள். புரட்டுக் கணக்கு தில்லியிலே மட்டுமா இருக்கிறது? விந்தியத்துக்குத் தெற்கே உள்ள அனைவரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லால் அவர்கள் அழைத்தபோது நாம் கொதித்தோம். தெலுங்கர் வேறு, கன்னடியர் வேறு, மலையாளி வேறு, தமிழர் வேறு என்று விளக்கி அலுத்தோம். இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னையின் கட்டடங்களிலும் வேலை செய்ய வருகிறாரே ஒருவர், அவரை நாம் எப்படி அழைக்கிறோம்? 'இந்திக்காரன்'. 'வடக்கன்'. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது! அவர் வீட்டிலே பேசுவது மைதிலியாக இருக்கலாம், ஒரியாவாக இருக்கலாம், சந்தாலியாக இருக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒராவோன் பழங்குடித் தோழராக இருந்தால், அவர் தாய்மொழி குருக். 2011 கணக்கிலே அதைப் பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். நாம் கண் என்பதை அவர் தொண்டையிலிருந்து எழும் ஒலியோடு 'ஃகன்' என்பார். திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், நம் உறவினர். அவரைப் பார்த்தா 'இந்திக்காரன்' என்கிறோம்? எந்த ஏட்டிலே இந்தி 52 கோடி என்று எழுதப்பட்டதோ, அந்த ஏட்டுக்கு நம் கையாலேயே ஒரு தலையைக் கூட்டிக் கொடுக்கிறோம்.

2021இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போயிற்று. 2027 மார்ச்சு 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025இல் அறிவிப்பு வந்தது. தாய்மொழி எது என்ற கேள்விக்குப் போஜ்புரிக்காரர் போஜ்புரி என்றும், குருக் மொழியினர் குருக் என்றும் விடை தரலாம். அந்த விடை எந்தத் தலைப்பின்கீழ் கூட்டப்படும் என்பதை நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அதற்கு முன், நம் தெருமுனைக் கட்டடத்திலே செங்கல் தூக்கும் அந்தத் தோழரிடம், "உங்கள் வீட்டிலே பேசும் மொழிக்குப் பெயர் என்ன?" என்று நாம் கேட்கலாம்.